மூன்றரை மணிக் கதை

ஃபர்சானா சாபம் விடவில்லை. சாபம் விடுவதென்றால் காரியத்தை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது. இந்தக் காரியத்தை அவள் தன் கையாலேயே செய்ய விரும்பினாள்.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் வைண்டிங் பிரிவில் அவளுக்கு வேலை. மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பிச் சுருள்களை ஒவ்வொன்றாக இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. கணவன் உவைஸ் காங்கேயத்திலிருந்து தேங்காயெண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவன். வாரத்தில் நான்கு நாள் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் எங்காவது இருப்பான். மகள் இல்மாவுக்கு மூன்றரை வயது. உக்கடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டாள். இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, எந்த பஸ்ஸும் வழியில் நிற்கக் கூடாது, யார் வீட்டிலும் நல்லது கெட்டது எதுவும் நடக்கக் கூடாது.

ஜூலை மாதம் பக்கத்து வீட்டு அம்மாளின் மகளுக்குப் பிரசவம் ஆனது.

அன்று ஃபர்சானா இல்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டே கம்பெனிக்குப் போனாள். கேட்டை ஒட்டி ஓர் அறை இருந்தது. வாசலில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை, சுவரில் பலூன் பிடித்த முயல். பெண்கள் இத்தனை பேர் வேலை செய்தால் இப்படி ஓர் அறை இருக்க வேண்டும் என்று சட்டம். அதனால் அறை இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி ஹெச்.ஆர். மேனேஜர் பாலகோபாலின் மேசையில் இருந்தது.

“ஏனுங்க அம்மணி, இது கம்பெனிங்களா, கல்யாண மண்டபமுங்களா? புள்ளகுட்டியோட வந்து நிக்கறீங்க?” என்றான் பாலகோபால். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த ரூம் சாவி வேணுமுங்க சார்.”

“அது புழங்கறதுக்கு இல்லீங்க. ஆடிட்டுக்கு.” விருந்தாளிக்கு எடுத்து வைத்த டம்ளரைப் பற்றிச் சொல்வதுபோல் வெகு சாதாரணமாகச் சொன்னான். “வாட்ச்மேன்கிட்ட விட்டுப்போட்டு லைனுக்குப் போங்க. இல்லீனா ஊட்டுக்குப் போயிருங்க. உங்க இஷ்டமுங்க.”

வாட்ச்மேன் நஞ்சுண்டன் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று லோடு லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவருடைய கூண்டுக்குள் ஒரு நாற்காலியில் இல்மா உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஃபர்சானா ஓடி வந்து பார்த்தபோது குழந்தை கவுனெல்லாம் நனைந்து, காலடியில் தேங்கிய ஈரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அழவில்லை. எதிரே பாலகோபால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“கொஞ்சம் தொடைச்சுப்போட்டுப் போயிருங்க அம்மணி. கெஸ்ட் வர்ற வழி பாருங்க.”

அவள் மண்டியிட்டுத் துடைத்தாள். கேன்டீனுக்குப் போகிற மொத்த ஷிப்டும் அவளைத் தாண்டிப் போனது. அவள் துடைத்து முடிக்கும்வரை இல்மா “சாரிம்மா, சாரிம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் இல்மா பாத்ரூம் போக வேண்டுமென்றால் அம்மாவின் காதருகே வந்து ரகசியமாகத்தான் சொன்னாள். வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும் ரகசியமாகத்தான் சொன்னாள். அந்தக் கிசுகிசுப்பு ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் ஃபர்சானாவுக்குள் ஏதோ ஒன்று ஒரு சுற்று இறுகியது.

செம்புக் கம்பியை இறக்குகிற நேரமெல்லாம் அவள் அவனுக்குத் தண்டனை யோசித்தாள். அவனுடைய சுழல் நாற்காலியில் வார்னிஷைத் தடவி வைப்பது. ஆயுத பூஜை அன்று அவன் பைக்குக்குப் பொட்டு வைக்கிற சாக்கில் டயரைக் குத்துவது. சில நாட்களில் யோசனை வெகுதூரம் போய்விடும். பாலகோபால் விரல் நீளத்துக்குச் சுருங்கி, கம்பியோடு கம்பியாக ஒரு மோட்டாருக்குள் சுற்றப்பட்டு, கப்பலேறி, பெயர் தெரியாத ஏதோ தேசத்தின் கிணற்றடியில் காலமெல்லாம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பான். இது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபரில் அவனே அவளைத் தேடி ஆளனுப்பினான்.

பம்ப் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர் வசதிகளைப் பார்த்துவர ஓர் ஆடிட்டரை அனுப்புகிறதாம். பாலகோபாலின் அறையில் ஆறு அம்மாக்கள் நின்றார்கள்.

“நாளைக்கு உங்க பாப்பாவைக் கூட்டிட்டு வந்துருங்க அம்மணி. நல்ல கவுனாப் போட்டு. கேட்டா, தினமும் இங்கதான் விடறோம், வசதியா இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாமுங்க.” ஜூலை மாதம் நடந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை என்பது அவன் சிரிப்பில் தெரிந்தது. ஞாபகம் வைத்துக்கொண்டு கேலி செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

வெளியே வந்ததும் பக்கத்து மேசை ராமாமணி பொரிந்து தள்ளினாள். அவளுக்கு இரட்டைப் பையன்கள். “உண்மையச் சொல்லிப்போடலாம் கண்ணு. மானங்கெட்ட பொழப்பு. போன வருசம் சுவத்துல முயல் வரைஞ்சானுக, அதுக்குக் காது கூட ஒழுங்கா இல்ல.”

“சொன்னா ஆர்டர் போயிருமுங்க அக்கா. எம்பது பேருக்கு வேலை போயிரும். அவருக்கு என்ன, பீளமேட்டுல இன்னொரு கம்பெனி, இன்னொரு சேரு.”

“அப்புறம் என்னதான் பண்ணச் சொல்ற?”

“அவரு சொன்ன மாதிரியே பண்ணலாம். அவரு சொன்னதைவிடக் கொஞ்சம் நல்லாவே பண்ணலாம்” என்றாள் ஃபர்சானா.

மறுநாள் பிற்பகல் ஆடிட்டர் வந்தார். ஷைலா என்று பெயர். கோயம்புத்தூர்க்காரர்தான். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் கம்ப்யூட்டர் பலகை. காப்பகத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஆறேழு குழந்தைகள் மாமனார் வீட்டுக்கு முதல்முறை வந்த மருமக்களைப் போல உட்கார்ந்திருந்தன. ராமாமணியின் பையன்கள் மட்டும் ஆடுகுதிரையின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தார்கள். ஷைலாவின் பார்வை அந்தத் தாளில் நின்றது.

“இங்க வசதியெல்லாம் எப்படிம்மா இருக்கு?” என்று ஃபர்சானாவிடம் கேட்டார்.

பாலகோபால் தொண்டையைச் செருமினான்.

“அதை ஏனுங்க கேக்கறீங்க!” என்று ஃபர்சானா ஆரம்பித்தாள். “எங்களுக்கு அம்மா வீடு மாதிரிங்க மேடம். காலைல எட்டு மணிக்குத் திறந்துருவாங்க. சாயங்காலம் ஆறு வரைக்கும். பதினோரு மணிக்குப் பால், மூணு மணிக்கு முட்டை. ஆயாம்மா ரெண்டு பேரு. குழந்தைக்குக் காய்ச்சல்னா சார் பர்மிஷன் கேக்காமயே அனுப்பிருவாரு.”

ஷைலா தட்டச்சு செய்துகொண்டே போனார். பாலகோபால் முகத்தில் முதலில் மகிழ்ச்சி, பிறகு திகைப்பு.

“எல்லாத்தையும்விட ஒண்ணு இருக்குதுங்க மேடம். சார் சொல்ல வேண்டாம்பாரு, கூச்ச சுபாவம். தினமும் மூணரை மணிக்கு எத்தனை வேலை இருந்தாலும் போட்டுப்போட்டு இங்க வந்துருவாரு. அரை மணி நேரம் தரையில உக்காந்து குழந்தைங்களுக்குக் கதை சொல்லுவாரு. ஒரு நாள் தவறினது இல்லீங்க.”

ராமாமணிக்குச் சிரிப்பில் புரையேறியது. “ஆமாங்க மேடம். எம் பசங்க ஞாயித்துக்கிழமை கூட கதை மாமாங்கறானுக.”

ஷைலா நிமிர்ந்தார். பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார், ஃபர்சானாவைப் பார்த்தார், பாலகோபாலைப் பார்த்தார். அந்தக் கண்களில் ஒரு மின்னல் ஓடியதை ஃபர்சானா கண்டுகொண்டாள்.

“அப்படியா சார்? எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கேன், இப்படி ஒரு மேனேஜரைப் பார்த்ததில்லை.”

“ஏதோ... நம்மனால முடிஞ்சதுங்க மேடம்.”

“இப்ப மணி மூணரைதான். ஒரு கதை சொல்லுங்களேன், வீடியோ எடுத்துக்கறேன்.”

பாலகோபால் இறுக்கமான பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்தான். எங்கோ ஒரு தையல் விட்டது. குழந்தைகள் அவனையே பார்த்தன.

“ஒரு ஊர்ல ஒரு யானை” என்றான். நெற்றியில் வேர்த்தது. “அது... வேலைக்குப் போச்சு.”

“அப்புறம்?”

“ஒரு நாள் லேட்டா வந்துச்சு.”

“அப்புறம்?”

“மெமோ குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் கண்ணு.”

ஆடிட்டர் அறிக்கை கடல் கடந்து போனது. பதினைந்தே நாளில் பதில் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு யானைக் கதை உயிருக்குயிராகப் பிடித்துவிட்டதாம். தங்கள் ஆண்டு மலரில் போடப்போகிறார்களாம். இனி எந்த நாளிலும் மூன்றரை மணிக்குச் சொல்லாமல் வீடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாமா என்று பாலகோபால் மெயில் போட்டதற்கு, மேனேஜரே உட்காருவதுதான் இதன் அழகு என்று எழுதிவிட்டார்கள். ஷைலா தன் பங்குக்கு ஒரு நோட்டையும் ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். கதை மாமா வராத நாளில் காரணத்தை எழுதி, அம்மாக்கள் சார்பில் ஃபர்சானா கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைதோறும் நோட்டின் அந்த வாரப் பக்கம் எம்.டி.யின் பார்வைக்குப் போகும்.

அவள் சொன்ன பொய் ஒவ்வொன்றாக நிஜமானது. பூட்டு போனது. ஆயாக்கள் வந்தார்கள். பால் வந்தது, முட்டை வந்தது. காலையில் இல்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், சாயங்காலம் அதே தோளில் போட்டுக்கொண்டு திரும்பலாம். அறிக்கையில் பெயர் ஏறிவிட்டதால் அவளை யாரும் தொட முடியாது. பாலகோபாலுக்கு அது தெரியும். எதிரில் வரும்போது பற்கள் மட்டும் சிரிக்க, “நல்லா இருக்கீங்களா அம்மணி?” என்பான். “உங்க புண்ணியமுங்க சார்” என்பாள்.

தினமும் மூன்றரைக்கு அவள் தன் மேசையிலிருந்து ஜன்னல் கண்ணாடி வழியாகக் காப்பகத்தைப் பார்ப்பாள். ஒரு பையன் பாலகோபாலின் முதுகில் ஏறியிருப்பான். இன்னொருத்தி முட்டை தின்ற கையை அவன் சட்டையில் துடைப்பாள். ஒரு வாரத்தில் தன் மனது ஆறிவிடும் என்று ஃபர்சானா நினைத்திருந்தாள். ஆறவில்லை. மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை. போதும் போதும் என்று கைகாட்டியும் இலையில் விழுகிற சோறுபோல் அந்தக் காட்சி தினமும் விழுந்துகொண்டே இருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். பாலகோபால் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வைண்டிங் பிரிவுக்கு வந்தான். ஆளனுப்பாமல் அவனே வந்து அவள் மேசையோரம் நின்றான்.

“ஏனுங்க, ஒரு உதவி. இன்னைக்கு மட்டும் கதைக்கு வர முடியாதுங்க. மீட்டிங்னு எழுதிக்கறேனுங்க, ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா...”

“எங்கீங்க சார் மீட்டிங்?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “எம் பொண்ணு ஸ்கூல்ல ஆண்டு விழாங்க. ரெண்டாவது படிக்குது. நாலு மணிக்கு டான்ஸு. முதல் தடவை மேடை ஏறுது. அவங்கம்மாவுக்கு பேங்க்ல லீவு கிடைக்கல. நானாவது வருவேன்னு சொல்லியிருக்கேன்.”

ஃபர்சானா கம்பியை வைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். பக்கத்து மேசைகளில் கைகள் நின்றன.

“பொய்யி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க சார். பொண்ணு டான்ஸுக்குப் போறேன்னு எழுதுங்க. தாராளமாப் போட்டுத் தர்றேன்.”

“அதை எப்படீங்க எழுதறது? எம்.டி. பார்ப்பாருங்க.”

“பார்க்கட்டுமுங்க.”

“ஆபீஸே சிரிக்குமுங்க. ஆம்பிளை ஒருத்தன், மேனேஜர், புள்ள ஆடறதப் பார்க்க வேலையை உட்டுட்டுப் போனான்னு...”

ஃபர்சானா நோட்டைப் பிரித்தாள். தேதியைத் தேடி, காரணத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தை முதலில் போட்டாள். முத்துமுத்தாகப் போட்டாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

“நான் போட்டுட்டேனுங்க. நீங்க எழுதிப்போட்டுக் கெளம்புங்க. நேரமாச்சு பாருங்க.”

அவன் பேனாவை வாங்கினான். குனிந்தான். ‘மக’ வரை எழுதினான். நிறுத்தினான். “தலைவலின்னு எழுதிக்கட்டுமுங்களா?”

“தலைவலின்னா டாக்டர் சீட்டு வேணுமுங்களே சார். நீங்க போட்ட ரூல்தானுங்க.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. எழுதினால் இரண்டு சொல். எழுதிவிட்டால் அவன் போய்விடலாம், அவள் தடுக்கப்போவதில்லை. எம்.டி. அறையில் கிளம்பும் சிரிப்பு மட்டுமே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அவன் எழுதவில்லை. எழுதியதை இரண்டு கோடு போட்டு அடித்தான். நோட்டை மூடிக்கொண்டு காப்பகத்தை நோக்கி நடந்தான். “கதை மாமா” என்று குழந்தைகள் கத்துவது கேட்டது.

நாலேகாலுக்கு அவள் நிமிர்ந்து பார்த்தபோது உள்ளே கதை நின்றுபோயிருந்தது. பாலகோபாலின் போனைச் சுற்றி எல்லாத் தலைகளும் குவிந்திருந்தன. பள்ளி விழாவிலிருந்து யாரோ அனுப்பிய படம் போலிருக்கிறது. இல்மா அவன் முழங்காலில் கையூன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“ஏன் புள்ள, அந்தக் குழந்தை உனக்கு என்ன பண்ணுச்சு?” என்றாள் ராமாமணி.

“நானா தடுத்தேன்? பேனா அவரு கையிலதானுங்க இருந்துச்சு.”

“இருந்துச்சுதான்” என்றாள் ராமாமணி.

ஃபர்சானா அடுத்த மோட்டாரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். சுருளை இறக்கினாள். அவள் மனதுக்குள் முகம் தெரியாத ஒரு சிறுமி, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடிக்கொண்டே காலை மாற்றி வைத்து ஆடினாள். ஃபர்சானா அவளைத் துரத்திப் பார்த்தாள். போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நூலை எடுத்து இறுக்கிக் கட்டினாள். பாலகோபாலை மன்னிக்கிற எண்ணம் மட்டும் அவளுக்கு அப்போதும் வரவில்லை.