உப்பில்லாமல் உருகிய பாதி

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் என் மனைவியின் தங்கையைப் பார்த்து, "பாசியில ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? எங்க பாத்ரூம்லயே எக்கச்சக்கமா கெடக்கு" என்று கேட்டுத் தொலைத்தேன். மனைவி என்னை முறைத்தாள். மச்சினி முறைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, "நாளைக்கு லேபுக்கு வாங்க மாமா. ஸ்வெட்டர் இருந்தா போட்டுட்டு வாங்க" என்றாள்.

போனேன். குளிர் அறையில் பல் கிடுகிடுக்க நின்றேன். அங்கே பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன்.

2

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

"துருவத்தின் முடிவில்லாத இரவு. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. உயிரின் சுவடே இல்லாத அந்தப் பனிப்பரப்பில்..."

மச்சினி படித்தாள். "ராத்திரியில வெண்மை எப்படி மாமா கண்ணுக்கு எட்டுது? அப்புறம், உயிரின் சுவடே இல்லன்னா நான் எதுக்குச் சம்பளம் வாங்கறேன்?"

அதை அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம், "நான் ஒரு பாசி" என்று ஆரம்பித்தது. அதை யாரிடமும் காட்டாமல் நானே கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதில் அலங்காரம் எதுவும் இல்லை. கடல் உறையும்போது தண்ணீர்தான் பனியாகிறது, உப்பு ஆவதில்லை. ஒதுக்கப்பட்ட உப்பில் ஒரு பகுதி, கெட்டியான உப்புநீராகப் பனிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பனிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள், சின்னச் சின்ன அறைகள் எல்லாவற்றிலும் இந்த உப்புநீர்தான். அதில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பனியின் அடிப்பக்கத்தில், கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். மேலே இருந்து பனி வழியாகக் கசிந்து வரும் கொஞ்சம் வெளிச்சம். கீழே இருந்து கடல் கொண்டுவந்து தரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா. இதுதான் சாப்பாடு.

வாய் கிடையாது, வயிறு கிடையாது. உடம்பைச் சுற்றியுள்ள சவ்வில் வாசல்கள் மட்டும் உண்டு. நைட்ரேட்டுக்கு ஒரு வாசல், சிலிக்காவுக்கு வேறு வாசல். நம் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிரில், நாக்கில் வைக்க முடியாத உப்பில், தனக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுத்த சிலிக்காவில் தனக்கென்று கண்ணாடி ஓடு செய்துகொள்கிறது. [இங்கே "அற்புதம்" என்று எழுதினேன். மிகையாக இருக்கிறதே என்று அடித்தேன். மறுபடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அற்புதம்.]

3

கதைக்குச் சிக்கல் வேண்டும். இருந்தது.

வசந்தத்தில் வெளிச்சம் கூடக் கூடப் பாசி பெருகுகிறது. பனிக்குள் இருந்த நைட்ரேட் தீர்ந்துபோகிறது. தீர்ந்த பிறகும் பாசி பெருகிக்கொண்டே இருந்ததுதான் மச்சினியின் தூக்கத்தைக் கெடுத்தது. தெருவில் இருக்கும் கடையெல்லாம் மூடிக் கிடக்கும்போது எதிர்வீட்டில் மட்டும் தினமும் தாளிக்கிற சத்தம் கேட்டால் என்ன நினைப்போம்? உள்ளே மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதானே? அவளும் அதைத்தான் நினைத்தாள். தாராளமாகக் கிடைத்த நாட்களிலேயே பாசி தன் உடம்புக்குள் நைட்ரேட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நினைத்தால் போதாது, காட்ட வேண்டும்.

பனியைத் துளைத்து எடுக்கும் உருளையை இவர்கள் கோர் என்கிறார்கள். கை நீளம் இருக்கிறது. அடிநுனி மட்டும் தேநீர் சிந்திய துணி மாதிரி பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்புதான் பாசி. கோரை உருக்குவதற்கென்று ஒரு முறை உண்டு. வடிகட்டிய கடல்நீரில் போட்டு, இருட்டில், குளிரில், பொறுமையாக உருக்க வேண்டும். வெறும் வாளியில் வைத்தால் ஏறக்குறைய நல்ல தண்ணீராக உருகிவிடும். கடும் உப்பில் வாழ்ந்த பாசிக்குள் அந்தத் தண்ணீர் விறுவிறுவென்று புகுந்து, அதை ஊத வைத்து, வெடிக்க வைத்துவிடும்.

மச்சினியோடு வேலை செய்பவருக்கு அங்கே "அவசரம்" என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் அவர் கோரை வாளியில் வைத்துவிட்டு, கடல்நீர் ஊற்றாமலேயே மீட்டிங்குக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது எல்லாம் தண்ணீர். அவர் தலையில் அடித்துக்கொண்டு அதைக் கொட்டப் போனார். மச்சினி தடுத்தாள். அளந்து பார்த்தாள். முறைப்படி உருக்கிய கோர்களின் தண்ணீரில் இல்லாத நைட்ரேட், இந்தக் கெட்டுப்போன தண்ணீரில் கொட்டிக் கிடந்தது.

பாசி வெடித்து மூட்டை அவிழ்ந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. லேபின் தலைவருக்கு அப்படிப் படவில்லை.

"வாளி அழுக்காம்மா. அவன் கழுவின லட்சணம் தெரியாதா? அந்த நைட்ரேட் எண்ணை விட்டுடு. மிச்சம் இருக்கற கோரை எப்பவும் போல உருக்கி, கட்டுரையை முடி. துருவத்துக்குப் போற கப்பலுக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

"இருக்கறது ஒரு கோர்தான் சார். அதை நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதியை முறைப்படி, ஒரு பாதியை வேணும்னே வெறும் வாளியில..."

"ஒண்ணும் வரலன்னா? கட்டுரைக்குக் கடைசிப் பனி அதுதான். கட்டுரை இல்லாத ஆளை நான் எப்படிக் கப்பல்ல ஏத்தறது? மேல கேப்பாங்கல்ல?"

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மச்சினி அந்தக் கடலைப் பார்த்ததில்லை. யார் யாரோ போய் எடுத்து வந்த பனியைத்தான் இத்தனை காலமும் உருக்கிக்கொண்டிருக்கிறாள். கப்பலில் லேபுக்கு ஒரே ஒரு இடம்.

4

தலைவரை முதலில் வில்லனாக எழுதினேன். "அவர் உதட்டோரத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு நெளிந்து..."

"அவர் சிரிச்சு யாருமே பாத்ததில்ல மாமா. நல்ல மனுஷன். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. வாளி நெஜமாவே அழுக்கா இருந்திருந்தா?"

"அப்புறம் ஏம்மா அறுக்கற?"

"அழுக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்காம எப்படி விடறது?"

இதற்கு என் மனைவியிடம் ஒரு பதில் இருந்தது. "கைக்கு வந்த சீட்டை விட்டுட்டு ஒரு துண்டுப் பனிக்காக அடம் பிடிக்கறா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போய், சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் அறுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

5

"உன் இஷ்டம்" என்று தலைவர் சொல்லிவிட்டார். இந்த மாதிரி ஆட்கள் சொல்லும் "உன் இஷ்டம்" எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு அவசரம் அவசரப்படவே இல்லை. இரண்டு வாளிகளையும் அமிலம் விட்டுக் கழுவி, அலசி, மறுபடி அலசி, அலசிய தண்ணீரையும் அளந்து பார்த்தார். அதில் நைட்ரேட் இல்லை. "மேடம், இதுல இப்ப பச்சக் கொழந்தைக்குப் பால் காய்ச்சலாம்" என்றார்.

மச்சினி பழுப்பு நுனியை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தாள். ஒரு பாதி கடல்நீருக்குள் போனது. இன்னொரு பாதியைக் கையுறை போட்ட கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"இதுல இருக்கறது அத்தனையும் செத்துரும் மாமா."

"பாசிதானே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் அதை வெறும் வாளியில் வைத்து, மூடி, விளக்கை அணைத்தாள்.

[இந்த இடத்தில் ஒரு நீண்ட உவமை இருந்தது. எழுத்தாளனும் இப்படித்தான், உள்ளே என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக மனிதர்களை நல்ல தண்ணீரில் போட்டு... மச்சினி ஓரத்தில் "நான் பாசி இல்லை" என்று எழுதியிருந்தாள். எடுத்துவிட்டேன்.]

வெளியே வந்ததும் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "எண் நல்லதா வந்தாலும் சரி, மோசமா வந்தாலும் சரி, நான் கட்டுரையில எழுதறதுக்கு முன்னாடி நீங்க எழுதக்கூடாது. எங்க வேலையில அது பெரிய தப்பு." கவனியுங்கள், இது முடிவு தெரிவதற்கு முன்னால் கொடுத்த வாக்கு. அதை வைத்துத் துப்புத் துலக்காதீர்கள்.

6

முடிவு தெரியாதபோது நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

குளிர் அறையில் மின்சாரம் போய்விடுகிறது. ("ஜெனரேட்டர் இருக்கு மாமா.")

தலைவர் கண் கலங்கி அவளுக்கு மாலை போடுகிறார். (இதற்கு அவள் பத்து நிமிடம் சிரித்தாள்.)

எண் வரவில்லை, அவள் வேலையை விட்டுவிடுகிறாள். (இதைப் படித்துவிட்டு என் மனைவி அன்று ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை.)

7

இப்போது முடிவு எனக்குத் தெரியும். எண்ணைச் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் மதியம். இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. மச்சினி நின்றபடியே படித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தாள். அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று கேட்காமலேயே அவசரமும் அழ ஆரம்பித்தார். இந்தக் குடும்பத்தில் பெண்கள் சந்தோஷம் வந்தாலும் அழுவார்கள், வருத்தம் வந்தாலும் அழுவார்கள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், வித்தியாசம் எனக்குப் பிடிபட்டதே இல்லை.

தலைவர் வந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். "வாளியைக் கழுவினது யாரு?" என்று கேட்டார். அவசரம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். தலைவர் காகிதத்தோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மச்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உப்பில் உருகிய பாதியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். "மாமா, சீக்கிரம் வாங்க. நகருது."

பார்த்தேன். மெல்லிய படகு போன்ற ஒன்று, பழுப்பும் பொன்னுமாக, காலும் துடுப்பும் இல்லாமல், அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு சின்ன உயிரிடம் எனக்கு இவ்வளவு மரியாதை வரும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"இது இருக்கற எடத்தை ஒரு தடவை நேர்ல பாக்கணும் மாமா" என்றாள். "அவ்வளவுதான்."

தலைவரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கப்பலுக்குப் பெயர் எழுதுவது அவர் கையில் இருக்கிறது. இந்தக் கதையில் மட்டும் அதை உங்கள் கையில் கொடுக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதுங்கள். அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.