திரும்பிப் பார்க்காதவள்

தபால் பிரிக்கும் கூடத்தில் அவளும் அவள் தோழியும் பதினோரு வருஷம் முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கடிதங்களை அந்தந்த ஊருக்குரிய அடுக்கில் போட்டுக்கொண்டே, நினைத்தபோதெல்லாம் பின்னால் திரும்பி ஊர்வம்பு பேசிக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் அவர்களுக்கு வைத்த பெயர் இரட்டைத்தலைப் பாம்பு.

ஒருநாள் தபால் மூட்டையைத் தூக்கியபோது அவளுக்குக் கீழ்முதுகில் சுளீரென்றது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. செருப்பு வாரை மாட்டக் குனிய முடியவில்லை. கட்டிலில் புரண்டு படுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டிலும் சொல்ல ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, மகன் கடல் தாண்டி இருந்தான்.

பக்கத்து அடுக்கில் கடிதம் போட இப்போது அவள் எழுந்து, பாதங்களை நகர்த்தி, மொத்த உடம்பையும் திருப்பினாள். பின்னாலிருந்து தோழி பேசினால் முன்னால் பார்த்தபடியே "ம்" கொட்டினாள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றது. மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார். தோழி பார்சல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டாள் என்றார்கள்.

அந்த வாரம்தான் வலி பொறுக்காமல் இயன்முறை மருத்துவரிடம் போனாள். அந்தப் பெண் அவளை நடக்கவிட்டும் குனியவைத்தும் பார்த்தாள். தனித்தனியே அசைய வேண்டிய முதுகும் இடுப்பும், வலிக்குப் பயந்து இறுகி, ஒரே பலகைபோல் சேர்ந்து திரும்புகின்றன என்று விளக்கினாள்.

"பின்னாடி நின்னு யாராவது கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

"திரும்ப மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் தோழிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வேலை போயிடுமோன்னு பயம்."

"எங்கிட்டயுமா?"

பழைய நாற்காலிக்கே திரும்பி வந்துவிடேன் என்று கேட்டாள் அவள். புது இடம் பழகிவிட்டது, இனி அங்கே வர முடியாது என்றாள் தோழி. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாள். குரலில் கோபமில்லை, பழைய ஒட்டுதலும் இல்லை.

இரண்டு ஞாயிறு போயிற்று. யாரும் வரவில்லை. அவள் தரையில் பாய் விரித்துப் படுத்து, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி முழங்கால்களைச் சேர்த்து வலப்பக்கம் சாய்த்தாள். போன வாரத்தைவிட நான்கு விரற்கடை கூடுதலாகச் சாய்ந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்துவிட்டு, இடப்பக்கம் சாய்த்தாள்.