இசை நின்ற பிறகும்

இசை சட்டென்று நின்றது. ஆட்டம் நிற்கவில்லை.

முப்பது ஜோடிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, முன்னால் வந்து, விரல் தொட்டு, சுற்றி, விலகிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காலணியின் அடியிலும் கம்பளித் துணி ஒட்டியிருந்ததால் அந்தப் பெரிய மரத்தளம் முனகக்கூட இல்லை. துணி துணியோடு உரசும் சத்தமும் சரவிளக்கில் மெழுகுவர்த்தி பொரியும் சத்தமும் மட்டும். கூடத்தின் நடுவே கதாநாயகனும் கதாநாயகியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வசனம் சுத்தமாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் மற்றவர்களுக்கு இசையும் இல்லை, குரலும் இல்லை. முதல் இருபது நொடி தாளத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மீதியை அவரவர் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

ஹில்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபது பேர் மனசுக்குள்ளும் ஒரே தாளம். ஒருவர் கால்கூடத் தப்பவில்லை. தேவாலயத்தில்கூட இப்படி ஒரு நிசப்தத்தை அவள் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிற தன்னை இதற்குள் யார் கொண்டுவந்து விட்டது என்று வியப்பாக இருந்தது.

கொண்டுவந்தது நெல்லிதான். படப்பிடிப்புக்கு உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று நூலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பழைய நெசவாலையில் கூட வேலை பார்த்த நாலு பேரையும் ஹில்டாவையும் சேர்த்து ஒரே பேருந்தில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள். இருநூறு வருஷத்துப் பழைய காதல் நாவல். சொத்தில்லாத பாதிரியார் மகளுக்கும் பெரிய பண்ணை வீட்டுக்காரனுக்கும் நடக்கிற இழுபறி. உடை கொடுத்த அறையில் ஹில்டாவை மட்டும் தனியாக நிறுத்தி அளவெடுத்து, வெள்ளை மல் கவுன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். மற்ற ஐந்து பேருக்கும் குல்லாயும் ஏப்ரனும்.

"பாத்தியாடி அநியாயத்த," என்றாள் நெல்லி. "உடம்பு இளைச்சவ சீமாட்டி, பெருத்தவ வேலைக்காரியாம். இருபத்தேழு வருஷம் ஒண்ணா நின்னோம், ஒரே நாள்ல உனக்குப் பதவி உயர்வு!"

ஹில்டா கவுனின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். நல்ல நூல், இறுக்கமான நெசவு. அந்த நாவலை அவள் மூன்று முறை படித்திருக்கிறாள். எந்தப் பக்கத்திலும் ஒருத்தர்கூட இந்தத் துணியை நெய்யவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆட்டத்துக்கு உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். இமோஜென் என்ற இளம் உதவி இயக்குநர் அவள் கையைப் பிடித்து ஒரு கிழவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நீலக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத் துணி, நிமிர்ந்த முதுகு. மற்றவர்கள் வேஷம் போட்டதுபோல் இருந்தார்கள். அவர் அதிலேயே பிறந்ததுபோல் இருந்தார். ஹில்டாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ரோலண்ட் கெல்சால். கெல்சால் ஆலையின் சின்ன முதலாளி. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆலையை மூடிய அன்று வாசற்படியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர். அவருக்கு அவளைத் தெரியவில்லை. தலை தாழ்த்தி வணங்கி, கையை நீட்டினார். முதலாளி கை அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஆடும்போது சும்மா உதட்டை அசைச்சுக்கிட்டே இருங்க," என்றாள் இமோஜென். "ஏதாவது பேசற மாதிரி. ஆனா சத்தம் மட்டும் மூச்சுக்கூட வரக்கூடாது."

முதல் தடவை எடுத்தபோது ஆளாளுக்கு எதையெதையோ அசைத்தார்கள். ஒருவர் எண் சொன்னார். ஒருத்தி கேக் செய்முறை சொன்னாள். கெல்சால் கிழமைகளைச் சொன்னார். வெள்ளி வரைக்கும் போய்த் திரும்பத் திங்களுக்கு வந்தார். இரண்டாம் தடவையும் அதுதான். மூன்றாம் தடவை, விரல் தொட்டுச் சுற்றும்போது, அவர் உதடு வேறு எதையோ சொன்னது.

"இன்னைக்குக் காலையில சிசிலி என்னைப் பாத்து, நீங்க யாரு டாக்டரான்னு கேட்டா."

ஹில்டாவுக்குக் கால் இடறவில்லை. 

அவர் அறியாத ஒன்று அவளுக்குத் தெரியும். தறிக்கூடத்தில் ஐந்நூறு தறிகள் ஒன்றாக அடித்தால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. பதினைந்து வயதில் உள்ளே போனவள் ஆறே மாதத்தில் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கதை போகும்; யாருக்கு மசக்கை, எவன் குடித்துவிட்டு வந்து அடித்தான், ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம். முதலாளி வீட்டுக்காரர்கள் மட்டும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

விலகிப் போய், திரும்ப எதிரே வந்தார்.

"நான் உன் புருஷன்னு சொன்னேன். அவளுக்குப் பயம் வந்துடுச்சு. நர்ஸைக் கூப்பிட்டா."

அன்று காலை அந்தக் காட்சியைப் பதினோரு முறை எடுத்தார்கள். பதினோரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுக்கு ஒரு வரியாக, அவர் முழுவதையும் சொன்னார். வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பது. மகள் கட்டாயப்படுத்தி இங்கே அனுப்பியது. சிசிலியைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டதிலிருந்து மூன்று மாதமாக யாரிடமும் வாய்விட்டுப் பேசாதது. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. கேமராவுக்கு அவர் ஒரு சீமாட்டியிடம் வானிலை விசாரிக்கும் கனவான். ஹில்டாவும் பதிலுக்குப் புன்னகைத்து, உதட்டை அசைத்து, எண்களைச் சொன்னாள். மனிதருக்குள் இவ்வளவு கிடக்குமா, அதை ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கிக்கொண்டு ஆட முடியுமா என்று மலைத்துப்போயிருந்தாள். அதே சமயம், மூடியிருக்கிற கதவு என்று நம்பி ஒருவர் உடை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் கூசியது.

மதியம் கூடாரத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். கனவான்கள் ஒரு பக்கமும் குல்லாய்க்காரிகள் ஒரு பக்கமுமாகத் தாமாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. ஹில்டா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சின்ன முதலாளி," என்றாள்.

கரண்டி பாதியில் நின்றது. "நீங்க நம்ம ஆலையிலயா?"

"மூணாம் கூடம். ஆறு தறி."

"மன்னிக்கணும். முகம் ஞாபகத்துக்கு வரல."

"நானூறு பேர்ல எப்படி வரும்? அதுக்கு வரல நான். ஒரு விஷயம் சொல்லணும். தறிச் சத்தத்துல நாங்க உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். இன்னும் அது மறக்கல."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் பூசியிருந்த ஒப்பனைக்கு அடியில் முகம் வெளுத்துப்போனது.

"காலையில நான்…"

"எல்லாம் கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்ல? வாயைத் திறக்கக்கூடாதுன்னுட்டாங்களே. என்கிட்டயிருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது. ஆனா தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நாளைக்கும் உங்க எதிர்ல நிக்க எனக்கு மனசு வரல."

அவர் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. பிறகு, பார்க்காமலே கேட்டார். "வெள்ளிக்கிழமைதோறும் கூடத்தைச் சுத்தி வருவேனே. அப்ப என் எதிர்லயே பேசிக்குவீங்களா?"

"உங்களைப் பத்தித்தான் பேசுவோம்."

"என்னன்னு?"

ஹில்டா யோசித்தாள். சொல்லக்கூடியது குறைவாகத்தான் இருந்தது. "கல்யாணமான புதுசுல ஒருநாள் சிசிலி அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்க. மஞ்சள் கவுன் போட்டிருந்தாங்க. நீங்க அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு வந்து எண்ணெய் வாளிக்குள்ள காலை விட்டுட்டீங்க. அதையும் கவனிக்காம வாளியோட ரெண்டு எட்டு நடந்தீங்க. ஒரு மாசம் அதுதான் எங்களுக்குப் பேச்சு. எங்க புருஷன்மார் எங்களை ஒருநாளாவது அப்படிப் பாத்திருக்காங்களான்னு."

கெல்சால் எழுந்தார். தலையை அசைத்துவிட்டுக் கூடாரத்தைவிட்டு வெளியே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் முழுக்க ஆட்டத்தில் அவர் உதடு கிழமைகளை மட்டுமே சொன்னது. திங்கள், செவ்வாய், புதன். ஹில்டா பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவர் வரமாட்டார் என்றே நினைத்தாள். இமோஜென் வேறு ஒரு உயரமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது, கழுத்துத் துணி கலைந்தபடி மூச்சிரைக்க வந்து எதிர் வரிசையில் நின்றார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ஹில்டாவைப் பார்க்கவில்லை.

அன்று கூடம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் எடுப்பதாகத் திட்டம். தண்டவாளத்தில் கேமரா நகர்ந்து, ஆடுபவர்களைக் கடந்து, பெரிய கதவு வரைக்கும் போகும். கதவோரம் பணிப்பெண்கள் நின்று விருந்தை எட்டிப் பார்க்க வேண்டும். "வாயைப் பொளந்துக்கிட்டு ஆசையாப் பாருங்க," என்று இமோஜென் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

தாளம் தொடங்கியது. இருபது நொடி. நின்றது. மறுபடி அந்த நிசப்தம் கூடத்தில் பனிபோல் இறங்கியது.

கெல்சால் முன்னால் வந்து விரல் தொட்டார். இந்த முறை நேராக அவள் கண்ணைப் பார்த்தார். உதட்டை வழக்கத்தைவிட அகலமாக, நிதானமாக அசைத்தார். அவளுக்காகவே.

"நேத்து சாயங்காலம் போய் எண்ணெய் வாளிக் கதையைச் சொன்னேன். யாரோ ஒருத்தன் கதை மாதிரி."

விலகினார்கள். ஒரு சுற்று.

"யாரு அந்த மஞ்சள் கவுன் பொண்ணு, அழகா இருந்தாளான்னு கேட்டா. அவளை மாதிரி நான் பாத்ததில்லன்னேன்."

இடம் மாறினார்கள். இப்போது அவர் முகம் கதவுப் பக்கம்.

"அவனைக் கட்டிக்கிட்டாளான்னு கேட்டா. கட்டிக்கிட்டான்னேன். நல்லதுன்னு சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. தூங்கற வரைக்கும் விடல."

பாதிச் சுற்றில் தலையைத் திருப்பியபோதுதான் ஹில்டா கதவைப் பார்த்தாள். வெள்ளைக் குல்லாய் போட்ட ஐந்து பேர். மூன்றாம் கூடத்து ஐந்து பேர். அவர்கள் கதாநாயகியைப் பார்க்கவில்லை. சரவிளக்கைப் பார்க்கவில்லை. ஐந்து ஜோடிக் கண்களும் அந்த நீலக் கோட்டுக் கிழவரின் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. நெல்லியின் கை வாயைப் பொத்தியிருந்தது.

அவர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார், ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது என்று நம்பி. கேமரா தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு கதவை நெருங்கியது.

அடுத்த சுற்றில் தன் முகம் கதவுப் பக்கம் வந்ததும் ஹில்டா அவர் தோளுக்கு மேலாக, தறிகளுக்கு நடுவே பேசுகிற அதே பெரிய வாயால், சத்தமில்லாமல் சொன்னாள்.

"கீழ பாருங்கடி."

ஐந்து குல்லாய்களும் ஒன்றாகத் தாழ்ந்தன. கையைக் கோத்து, தரையைப் பார்த்து, அசையாமல் நின்றார்கள். நிறுத்தச் சொல்லி இமோஜென் கையைத் தூக்கினாள். இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். கேமரா மெல்ல, மிக மெல்ல, அந்தக் குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகக் கடந்துபோனது. அவர்களுக்கு முன்னால், காலடிச் சத்தமே இல்லாமல், சின்ன முதலாளி ஹில்டாவின் விரலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.