மஞ்சள் கலக்காத தண்ணீர்

ஊரில் அவளை மா செய்ன் என்று கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள் புருஷன் திம்மப்பன். ரங்கூன் பக்கம் சண்டை முற்றியதும் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தன் சொந்த ஊரான பேரிகைக்கு வந்தவன், வந்த ஆறாம் மாதமே காமாலை கண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். மற்றவர்களுக்கு அவள் மாதம்மாள். நாத்தனார் சரசம்மா முதல் நாளே வைத்த பெயர். "உன் பேரு என் வாயில நுழையலம்மா. எங்க ஆத்தா பேரையே உனக்கு வெச்சுடறேன்" என்று சொல்லி, தன் புடவையில் ஒன்றைக் கையில் கொடுத்தாள். முதுகுக்குப் பின்னால் ஊர் சொன்னது பர்மாக்காரி.

அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த காலத்தில் திம்மப்பனிடம் கற்ற தமிழ் போதும் என்று நம்பித்தான் அவள் கப்பல் ஏறினாள். இங்கே பாதித் தெரு தெலுங்கில் பேசியது. சந்தைக்குப் போனால் கன்னடம். சோற்றையே தின்று வளர்ந்தவள் கேழ்வரகுக் களியை மென்று மென்று கண்கலங்கி உட்கார்ந்திருந்தபோது, "மெல்லாத, முழுங்கு" என்று உருட்டி விழுங்கிக் காட்டியவளும் சரசம்மாதான். தம்பி செத்த பிறகு அவன் பெண்டாட்டியையும் பெண்ணையும் அவள் விரட்டியிருந்தால் ஏன் என்று கேட்க நாதியில்லை. விரட்டவில்லை. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகையில் பாதியை மறித்து மெழுகிக் கொடுத்தாள். களத்துக்கு வந்த முதல் கேழ்வரகில் ஒரு பங்கு கொட்டகைக்கு வந்துவிடும். மா செய்ன் இதையெல்லாம் மறந்தவளல்ல. மறக்காததுதான் வினையாக முடிந்தது.

மகள் செல்லிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பர்மியப் பேச்சைக் கப்பலிலேயே விட்டு இறங்கியவள் போல ஒரே வருஷத்தில் ஊர்ப்பெண்ணாகிவிட்டாள். தெலுங்கில் சண்டை போட்டாள், கன்னடத்தில் பேரம் பேசினாள். சரசம்மாவின் மகன் கங்கப்பன் ஓசூரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தான். வாரம் ஒருமுறை வருகிறவன் இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டுமுறை வந்தான். மாமன் மகள், அத்தை மகன். முறை சரியாக இருந்தது. ஆனாலும் சரசம்மா இரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை. "பொண்ணுக்கு அப்பன் வழி சரி, ஆத்தா வழி எங்க போய் விசாரிப்பே?" என்று பங்காளிகள் கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

பதில் கார்த்திகை மாதத்தில் கிடைத்தது. சரசம்மாவின் புருஷன் கிருஷ்ணப்பன் விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். கஞ்சி ஊட்டியதும் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் அசிங்கம் எடுத்ததும் செல்லிதான். அவர் தடியூன்றி எழுந்து நடந்த அன்று சரசம்மா கொட்டகைக்கு வந்து வாசலில் நின்றாள்.

"மாதம்மா, ஊரு எதையாவது பேசிட்டுப் போகட்டும். சித்திரையில மஞ்சத்தண்ணி அன்னிக்கு உம்பொண்ணு முறைப்படி கங்கப்பன் மேல ஊத்தட்டும். நாலு பேரு பாக்கட்டும். மறுநாளே பூ வெச்சுடறேன்."

மா செய்ன் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாரியம்மன் பண்டிகையின் கடைசி நாள் மஞ்சள் தண்ணீர்; முறைப்பெண்கள் முறைமாமன்கள் மேல் ஊற்றுகிற நாள். முதல் வருஷம் துக்கம். இரண்டாம் வருஷம் கொட்டகைக் கதவிடுக்கால் பார்த்தாள். புருஷனை இழந்தவள் அன்றைக்கு வெளியே வருவது வழக்கமில்லை என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய ஊரிலும் இதே சித்திரையில், வருஷம் பிறக்கிற நாட்களில், தண்ணீர்ப் பண்டிகை உண்டு. ரங்கூன் வீதியில் அன்று நனையாத ஆளிருக்காது. குமாஸ்தாவை மீன்காரி நனைப்பாள், விதவையைப் பையன்கள் நனைப்பார்கள், யாரும் யாரிடமும் என்ன முறை என்று கேட்பதில்லை. கும்மாளம் தொடங்குமுன் காலையில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மணக்கிற தண்ணீரில் நாவல் இனத்து மரத்தின் கொழுந்தைச் செருகி, வீட்டுப் பெரியவர்களின் தோளில் மெதுவாக ஊற்றுவார்கள். செய்த பிழை பொறுக்கச் சொல்வதும், செய்த நன்மைக்கு நன்றி சொல்வதும் அந்தத் தண்ணீர்தான். அவள் தன் அப்பாவுக்குக் கடைசியாக ஊற்றியது கப்பலேறுவதற்கு முந்தைய வருஷம். இந்த ஊரில் அவளுக்குப் பெரியவர்கள் என்று இருந்தது இரண்டே பேர்.

ஏரிக்கரையில் நாவல் மரம் இருந்தது. இந்த வருஷம் மஞ்சள் தண்ணீர் அன்று விடிந்ததும் போய்க் கொழுந்து ஒடித்து வந்தாள். புதுச் சொம்பில் தண்ணீர் மொண்டு, நாலு மல்லிகையைக் கிள்ளிப் போட்டு, கொழுந்தைச் செருகினாள். செல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செல்லி அதற்குள் கிணற்றடிக்கு ஓடிவிட்டிருந்தாள்.

தெருவில் சத்தம் கூடிவிட்டது. எதிர்வீட்டு முனிலட்சுமிதான் முன்னால் நின்றாள்.

"ஏ செல்லி, சொம்பெல்லாம் பத்தாது! உன் மாமன் லாரி எண்ணெயில ஊறுனவன். அண்டாவைத் தூக்கிட்டு வா!"

"தேச்சுக் குளிப்பாட்டறதெல்லாம் நாளைக்குப் பூ வெச்ச பொறவு!" என்று இன்னொருத்தி கத்தினாள்.

கங்கப்பன் ஓடுவதுபோல நடித்தான். முழுசாக ஓடினால் அகப்பட மாட்டோமே என்ற கவலை அவன் ஓட்டத்திலேயே தெரிந்தது. செல்லி துரத்திப் போய்க் குடத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் அவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி, அடியில் மிச்சமிருந்ததை அவள் மேலேயே வீசினான். வெள்ளைத் தாவணி தோளிலிருந்து இடுப்புவரை மஞ்சளாயிற்று. தெருவே கை தட்டியது. சரசம்மா தன் வாசலில் நின்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில், சால்வை போர்த்தி, கிருஷ்ணப்பன்.

கதவிடுக்கில் நின்றவளுக்கு அதற்குமேல் உள்ளே இருக்க முடியவில்லை. இனி ஒளிந்து நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. இரண்டு கையாலும் சொம்பை ஏந்திக்கொண்டு மா செய்ன் வெளியே வந்தாள். நேராகக் கட்டிலருகே போய்க் குனிந்து கும்பிட்டாள். பிறகு கிருஷ்ணப்பனின் வலது தோளில், கொழுந்தின் மேலாக வழியவிட்டு, மெதுவாக ஊற்றினாள். அப்புறம் இடது தோளில்.

நிமிர்ந்தபோது தெருவில் சத்தம் இல்லை.

மஞ்சள் கலக்காமல், இலைக்கொத்து செருகி, புதுச் சொம்பால் ஒருவர் தோளில் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊரில் ஒன்றே ஒன்றுக்குத்தான். பாடையில் ஏற்றுமுன் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்கு.

"அடிப் பாவி!" சரசம்மாவின் குரல் உடைந்து வந்தது. "எமன் வாயிலேர்ந்து புடுங்கி வெச்சிருக்கேன். உசுரோட உக்காந்திருக்கிற மனுசனுக்குப் பொணத்துத் தண்ணி ஊத்திட்டியேடி! உன் புருஷன் போனது பத்தலயா?"

"அண்ணி, எங்க ஊர்ல..." என்று தொடங்கினாள் மா செய்ன். மேலே சொல்ல அவளிடம் இருந்த தமிழ் காணாமல் போயிருந்தது.

"விடு சரசு" என்றார் கிருஷ்ணப்பன், தோளைத் துடைத்துக்கொண்டு. "வெயிலுக்குக் குளுகுளுன்னுதான் இருக்குது." சரசம்மா அவரை எழுப்பிக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். மறுபடி தலைமுழுக வைத்துக் கோயிலைச் சுற்றவைக்க வேண்டும். போகிற போக்கில் மகனைப் பார்த்து, "உள்ள போடா" என்றாள். கங்கப்பன் மஞ்சள் சொட்டச் சொட்ட நின்றான். செல்லியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

கொட்டகைக்குள் வந்ததும் மா செய்ன் மகளிடம் பர்மியத்தில் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"தமிழ்ல சொல்லு" என்றாள் செல்லி. பிறகு அவளே, "சொல்லவே வேணாம். எதுக்கு ஊத்துனேன்னு எனக்குத் தெரியும். நான் சின்னப் புள்ளையில தாத்தாவுக்கு ஊத்தியிருக்கேன். ஆனா இது உன் ஊரு இல்லம்மா. எனக்கு இதான் ஊரு" என்றாள்.

மறுநாள் பூ வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் கிருஷ்ணப்பன் தடியூன்றி வந்து, கொட்டகை வாசலில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்தார். செல்லி துணி அலசப் போயிருந்த நேரம்.

"தங்கச்சி, நீ கெட்டதுக்குச் செய்யலன்னு எனக்குத் தெரியும். அது உங்க பக்கத்து மரியாதைன்னு திம்மப்பன் எப்பவோ எங்கிட்டச் சொல்லியிருக்கான்."

"அண்ணிகிட்டச் சொல்லுங்க அண்ணா."

"சொன்னேன். நம்பவும் நம்பறா. அதான் கஷ்டம்." அவர் தடியின் நுனியால் மண்ணைக் கீறினார். "ராத்திரி ரெண்டு தடவை இருமினேன். எழுந்து விளக்கைப் பத்தவெச்சு என் நெஞ்சைத் தொட்டுப் பாக்கறா. நான் கெழவன். இன்னிக்கில்லாட்டி நாளைக்கு ஏதாச்சும் வரத்தான் போவுது. அன்னிக்கு செல்லி எங்க வூட்டு மருமகளா இருந்தா, எல்லாரும் யாரு மூஞ்சியப் பாப்பாங்க? அந்த வூட்டுல அந்தப் புள்ள எப்படி ஒரு வாய் களி திங்கும்? எனக்குக் கஞ்சி ஊத்துன கைம்மா அது."

"நான் எங்கியாச்சும் போயிடறேன். அவ மட்டும் இருக்கட்டும்."

"எங்க போவே?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. ஆலை எரிந்துபோயிற்று என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கங்கப்பன் என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

"நேத்தே ஓசூருக்குப் போயிட்டான். அவன் ஆத்தா சூளகிரியில பொண்ணு பாக்கப் போறேங்கறா. அவன் வேணாங்கல." அவர் எழுந்துகொண்டார். "கேழ்வரகு எப்பவும்போல வரும். சரசுவே சொல்லச் சொன்னா."

செல்லி அலசிய துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதிரே வந்தாள். கிருஷ்ணப்பனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். தாவணியை மட்டும் போடாமல் உள்ளே எடுத்துப்போய், இருட்டு மூலையில் கேழ்வரகுக் குதிரின் மேல் விரித்தாள். ஏரித் தண்ணீரில் அவ்வளவு அலசியும் மஞ்சள் அப்படியே இருந்தது.

"வெயில்ல போட்டா கறை போயிடும்" என்றாள் மா செய்ன். எந்த ஊர்ப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான். ஒத்தாசையாக ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்ததால் அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் செல்லி. "உள்ளயே காயட்டும்."