கரண்டு இல்லாமல்

கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான் தம்பி. இடது தொடையில் இரண்டு ஒட்டுப்பட்டைகள், அவற்றிலிருந்து ஒரு சிறிய பெட்டிக்கு வயர்கள். ஐந்து விநாடி கரண்டு வரும், கால் தானாக நீளும். பிறகு பத்து விநாடி ஓய்வு. அக்கா ஸ்டூலில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாடியில் டைல்ஸ் ஒட்டப் போனவன் சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டது. நசுங்கிய நரம்புதான் பிடிவாதம் பிடித்தது. இன்றைக்கும் தொடை தானாக இறுகாவிட்டால் மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இருபதாவது தடவை பாதம் பாதி தூரம்தான் எழுந்தது. இருபத்திரண்டில் வெறுமனே நடுங்கிவிட்டுத் தொங்கியது.

"பாத்தியா, கரண்டுக்கே என் காலைப் பிடிக்கலை."

"உளறாதடா," என்றாள் அக்கா. பெட்டியின் திருகைத் திருப்பிக் கரண்டைக் கூட்டப் போனாள்.

தெரபிஸ்ட் அம்மா பாய்ந்து வந்து தடுத்தாள். "ஐயோ, கூட்டாதீங்க! தோல் வெந்துடும். இது வெறும் களைப்பு. நாமளா தூக்கினா சதையில இருக்கற நாரெல்லாம் முறை வச்சு வேலை செய்யும். கரண்டு அதே நாரையே திரும்பத் திரும்ப எழுப்புது. அது எவ்வளவுதான் தாங்கும்?" வயர்களைக் கழற்றினாள். "பத்து நிமிஷம் ஓயட்டும். டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

அறையில் இருவர் மட்டும். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போன வாரம் அவன் மனம் உடைந்து கிடந்தபோது, "இப்ப அசைஞ்சுதுடா" என்று அக்கா ஒரு பொய் சொன்னாள். அவன் மேஸ்திரிக்கு போன் போட்டு, அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டான். மறுநாளே குட்டு உடைந்தது.

பத்து நிமிஷம் கழிந்ததும் அவன் தொடையில் உள்ளங்கையை வைத்தாள். "எங்க, நீயா காலை நீட்டு."

அவன் பல்லைக் கடித்தான். பாதம் அசையவில்லை. ஆனால் அவள் கைக்குக் கீழே, துவண்டு கிடந்த சதை எலுமிச்சம்பழம் அளவுக்கு இறுகித் தளர்ந்தது.

"இறுகுச்சுடா!"

"ஆரம்பிச்சுட்டியா? போதும்க்கா."

அவள் சத்தியம் செய்ய வாயெடுத்து, வேண்டாமென்று விட்டாள். அவன் கையை எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை. நீயே பாரு."

அவன் மூச்சை அடக்கி மறுபடி முயன்றான். வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது, கதவு திறந்தது. அவன் தொடையிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"அக்கா, டாக்டரை ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. இன்னொரு தடவை பாத்துக்கறேன்."