பதினொரு மழைப்பாட்டு

கொரியாவில் யொன்பொங் அமெரிக்க ராணுவ முகாமை மூடப்போகிறார்கள் என்று முடிவானதும், பழைய அமெரிக்கச் சிப்பாய்கள் சிலரை நகராட்சியே செலவு செய்து வரவழைத்தது. முகாமுக்குள் ஒரு காலத்தில் ராணுவ வானொலி நிலையம் இருந்தது. அதில் பாட்டுப் போட்டவர்கள், செய்தி வாசித்தவர்கள் என்று தேடிப் பிடித்ததில் நான்கு பேர்தான் அகப்பட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மா கும்ஜாவையும் கூப்பிட்டிருந்தார்கள். இசைத்தட்டு அறையைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். அறுபத்தாறு வயதாகிறது. முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். வருகிறவர்கள் பட்டியலில் லைல் டனவே என்ற பெயரைப் பார்த்த பிறகு சரி என்றாள்.

முகாம் வாசலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் கூடினார்கள். அடுப்பின் மேல் பெரிய தட்டுச் சட்டியில் தகர டப்பா இறைச்சியும் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயும் போட்ட குழம்பு கொதித்தது. லைல் வழுக்கை விழுந்து, கைத்தடி ஊன்றி வந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் அதே குரல்.

"மிஸ் மா! என்னங்க இது, உங்களுக்கு மட்டும் வயசே ஆகல?"

"உங்களுக்குக் கண்ணு தெரியல, அதான்" என்றாள். நான்கு கிழவர்களும் சிரித்தார்கள்.

லைலின் நிகழ்ச்சிக்கு 'எழுந்து தொலைங்கடா' என்று பெயர். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு சமையல்கார சார்ஜென்ட் மாதிரி பேசுவார். ஜெனரலின் மனைவி தொலைபேசியில் புகார் சொல்கிற மாதிரி பேசுவார். இடையிடையே பாட்டு. இருபதாயிரம் சிப்பாய்கள் அதைக் கேட்டுக்கொண்டுதான் சவரம் செய்தார்கள். அவர்கள் மட்டுமல்ல, முகாமுக்குக் கீழே ஆற்று மணலில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய நாற்பது வீடுகளும் கேட்டன. அந்த இடத்துக்குச் சேத்காங் என்று பெயர். சிப்பாய்களின் துணியைத் துவைத்துப் பிழைத்த பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் பாட்டின் தாளத்துக்குத்தான் துணியை அடிப்பார்கள். கும்ஜாவின் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

தங்கை யோங்ரே கதை வேறு. பதினாறு வயது. வானொலியை மட்டும் கேட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டவள். லைலின் ஒவ்வொரு நகைச்சுவையையும் தெருவுக்கே கொரிய மொழியில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அக்கா அமெரிக்கக்காரர்கள் ரேடியோவில் வேலை பார்க்கிறாள் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

சாப்பாட்டு மேசையில் பேச்சு அந்த நாட்களைத்தான் சுற்றிவந்தது. கர்ட்டிஸ் வான் என்ற கறுப்பர் அந்தக் காலத்தில் செய்தி வாசித்தவர். சாயந்திரம் மெல்லிய பாட்டுகள் போட்டு, பிரிந்திருக்கும் காதலிகளின் கடிதங்களைப் படித்துச் சிப்பாய்களை அழவைத்தவர். "டேய் லைல், நீ ஒருநாள் ஒலிவாங்கியை அணைக்காம கேப்டனைத் திட்டினியே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"ஞாபகம் இல்லாமலா? ஒரு வாரம் கக்கூஸ் கழுவினேன்டா."

நகராட்சியிலிருந்து வந்த இளம்பெண் கேமராவை முக்காலியில் பொருத்தியிருந்தாள். முகாம் இருந்த இடத்தில் காட்சிக்கூடம் வரப்போகிறது, அதற்குத்தான் பதிவு. "மறக்கவே முடியாத நிகழ்ச்சின்னா எதைச் சொல்வீங்க, ஐயா?" என்று லைலைக் கேட்டாள்.

லைல் யோசிக்கவே இல்லை. பல தடவை சொல்லிப் பழகிய கதை என்பது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

"எழுபத்திரண்டு ஆகஸ்ட். மூணு நாளா விடாத மழை. காலைல ஏழு பத்துக்கு மேல்பாலத்துக் காவல் கூண்டுலேர்ந்து போன். 'ஆத்துத் தண்ணி மூணாவது அபாயக் கோட்டைத் தாண்டிடுச்சு, கீழ இருக்கறவங்களை எச்சரிக்கை பண்ணு'ன்னான். நான் கேப்டனுக்குப் போன் போட்டேன். அவர், 'தலைமையகம் சொல்லாம ஒரு வார்த்தை பேசக்கூடாது. வடக்கே எதிரி கேட்டுட்டு இருக்கான்'ன்னு வாயைக் கட்டிட்டார். சரி, வாயைத்தானே கட்டினே, பாட்டைக் கட்டலையேன்னு, இதோ நம்ம மிஸ் மாவைக் கூப்பிட்டு, 'இருக்கற மழைப்பாட்டு எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க'ன்னேன். பதினொரு மழைப்பாட்டு! ஒண்ணு விட்டு ஒண்ணு இல்ல, வரிசையா! கேட்கறவனுக்கு மூளை இருந்தா புரிஞ்சுக்குவான் இல்லையா? கேப்டனாலே ஒண்ணும் பண்ண முடியல."

மேசை முழுக்கக் கைதட்டல். ஒருவர் கோப்பையை உயர்த்தினார். "அந்தப் பதினொரு பாட்டு எத்தனை உயிரைக் காப்பாத்திச்சோ, யார் கண்டா!" என்று முடித்தார் லைல்.

நகராட்சிப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும் ஐயா. இதையே காட்சிக்கூடத்து வாசல்ல ஓட விட்டுடலாம். கேமராக் கண்ணாடி மேல கொஞ்சம் வெளிச்சம் அடிச்சுடுச்சு, இன்னொரு தடவை சொல்றீங்களா?"

லைல் தொண்டையைச் செருமினார். கும்ஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லாதீங்க" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"லைல், அன்னிக்குச் சேத்காங்ல இருபத்திமூணு பேர் செத்துப்போனாங்க. எங்க அம்மா ஒருத்தி. என் தங்கச்சி ஒருத்தி."

லைல் அவள் பக்கம் திரும்பினார். "கீழ்த்தெருவுல ரெண்டு மூணு வீடு போச்சுன்னுதான்... நீங்க மாமா வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நான் அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பிட்டேன், மிஸ் மா."

"மாமா வீட்டுக்குத்தான் போனேன். ரெண்டு பேரையும் புதைச்சிட்டுப் போனேன்."

"ஆனா பாட்டு... அவங்க கேட்டிருப்பாங்களே. புரிஞ்சிருக்குமே..."

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நடந்தது அப்படியே கும்ஜாவின் கண்முன் நின்றது. ஊர்த்தலைவர் கைமணியை அடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போங்கள் என்று கத்திக்கொண்டே போனார். வருஷா வருஷம் அவர் கத்துவார், வருஷா வருஷம் வெள்ளம் கரைப் படிக்கட்டோடு நின்றுவிடும். அம்மாவுக்குக் காய்ச்சல். "அக்கா, போயிடலாமா?" என்று யோங்ரே கேட்டாள். "இந்த மழைல அம்மாவை எங்கடி தூக்கிட்டுப் போறது? ரேடியோவைப் போட்டு வை. ஏதாவதுன்னா லைல் சொல்லிடுவார். நான் அங்கதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் கும்ஜாதான்.

"கேட்டாங்க" என்றாள் இப்போது. "பக்கத்து வீட்டுப் பில்நியோ அக்கா குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு மேட்டுக்குக் கிளம்பியிருக்கா. என் தங்கச்சி வாசல்ல நின்னு உங்க பாட்டைக் கூடவே பாடிட்டு இருந்தாளாம். 'அக்கா, எங்க ஓடறே? லைல் மழைப்பாட்டாப் போட்டு விளையாடிட்டு இருக்கார், ஆபத்துன்னா இப்படி விளையாடுவாரா?'ன்னு கேட்டிருக்கா. பில்நியோ அக்காவும் சிரிச்சிட்டு வீட்டுக்குள்ள திரும்பிட்டா. எட்டு மணி தாண்டி அஞ்சு நிமிஷத்துல தண்ணி வந்துச்சு. அவ மின்கம்பத்தைப் பிடிச்சுத் தொங்கினா. குழந்தை போயிடுச்சு. எட்டு இருபதுக்கு உங்களுக்கு அனுமதி வந்துச்சு."

சட்டி கொதித்துச் சத்தம் போட்டது. கடைக்காரி வந்து அடுப்பைத் தணித்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

"ஏன் எனக்கு ஒரு கடிதம்கூடப் போடல?" லைலின் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நாப்பத்தாறு வருஷமா இதை நான்... கல்யாண வீட்டுல, பேரன் பள்ளிக்கூடத்துல..."

"என்னன்னு போடறது? நானும் அங்கதானே இருந்தேன். போன்ல வந்ததை நீங்க எழுதி வச்ச சீட்டு மேசை மேல கிடந்துச்சு, படிச்சேன். சேத்காங் அரிசி மில்லுல போன் இருந்துச்சு, அந்த எண் எனக்கு மனப்பாடம். முகாம்ல வேலை பார்க்கற கொரியக்காரங்க வெளில போன் பேசக்கூடாதுன்னு சட்டம். போனைக் கையில எடுத்தேன். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள உத்தரவு வந்துடும், எதுக்கு வேலையை விடணும்னு வச்சுட்டேன். அடுத்த பாட்டுக்கும் அப்படித்தான் நினைச்சேன். பதினொரு தட்டையும் துடைச்சு உங்க கையில குடுத்தது நான்தான்."

கர்ட்டிஸ் வான் தலையைக் குனிந்தபடியே பேசினார். "லைல், எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"செத்தவங்க பேர்ப்பட்டியல் மத்தியானமே வந்துச்சு. நான்தான் செய்தி. 'சிறிய சேதம்'னு எழுதிக் குடுத்தாங்க, வாசிச்சேன். நீ ஊருக்குப் போற சந்தோஷத்துல பெட்டி கட்டிட்டு இருந்தே. அப்புறம் வருஷா வருஷம் கூடறப்பல்லாம் நீ இந்தக் கதையைச் சொல்லுவே, எல்லாரும் கைதட்டுவாங்க. நானும் தட்டினேன்."

லைல் அவரை அடிக்கப்போகிறார் என்றுதான் கும்ஜா நினைத்தாள். அடிக்கவில்லை. கைத்தடியைத் தேடி எடுத்து எழுந்தார், இரண்டடி வைத்தார், என்ன நினைத்தாரோ திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நகராட்சிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா, கேமராவை அணைச்சுடட்டுமா?"

"ஓடட்டும்மா" என்றாள் கும்ஜா.

லைல் கேமராவைப் பார்த்தார். எந்த வேஷமும் இல்லாத குரலில், மெதுவாக, ஏழு பத்துக்கு யார் அழைத்தது, தான் எழுதியது என்ன, கேப்டன் சொன்னது என்ன என்று வரிசையாகச் சொன்னார். "ஒலிவாங்கி என் முன்னாலதான் இருந்துச்சு. ஒரு வாக்கியம் போதும். சொல்லியிருந்தா என்னைச் சிறையில போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். எனக்கு ஊருக்குப் போக ஒன்பது நாள் பாக்கி. அதனால கெட்டிக்காரத்தனம் பண்ணினேன்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. செத்தவர்களின் பெயர்களைக் கும்ஜா சொன்னாள். இருபத்திமூன்றையும் அவள் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொன்னாள். பில்நியோவின் குழந்தைக்கு மட்டும் பெயர் பதிவாகவில்லை. தெருவில் எல்லோரும் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னாள்.

வெளியே வந்தபோது லைல் அவள் கையைப் பிடிக்க நினைத்தது தெரிந்தது. அவள் கையைக் கொடுக்கவில்லை, ஆனால் வண்டி வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த வசந்தத்தில் காட்சிக்கூடம் திறந்தார்கள். அந்தப் பதிவைப் போடவில்லை. பார்க்க வருகிற குடும்பங்களுக்கு மனபாரமாக இருக்கும் என்று மேலதிகாரிகள் சொன்னதாக அந்தப் பெண் வருத்தத்தோடு தொலைபேசியில் சொன்னாள். பிரதி ஒன்றை மட்டும் கும்ஜாவுக்கு அனுப்பிவைத்தாள். லைல் பழையவர்கள் கூடும் இடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கர்ட்டிஸிடமிருந்து ஒரு வரி வந்தது.

பில்நியோ அக்கா பக்கவாதம் வந்து மூன்று வருஷமாக முதியோர் இல்லத்தில் கிடந்தாள். ஞாயிறுதோறும் கும்ஜாதான் போய்ப் பார்ப்பாள். வேறு யாரும் இல்லை. பிரதி கிடைத்த பிறகு வந்த ஞாயிறு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, லைல் பேசியதைக் கைபேசியில் ஓடவிட்டு வரி வரியாகக் கொரிய மொழியில் சொன்னாள். அதன் பிறகு தான் பேசியதும் வந்தது. அதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. அன்று அவள் ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தாள். அந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று விரல் ஒரு கணம் நின்றது. நிறுத்தவில்லை. போனை எடுத்தது, வைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

பில்நியோ கூரையைப் பார்த்தபடி கேட்டாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் வார்த்தைகள் குழறின.

"ஏழு பத்துக்கா?"

"ஏழு பத்துக்கு."

"நான் எட்டுக்குத்தான்டி உள்ள திரும்பினேன்."

"தெரியும் அக்கா."

"நாப்பத்தாறு வருஷம். என் வீட்டுல சாப்பிட்டே. நான் உன்னைத் தங்கச்சின்னு சொல்லிக்கிட்டேன்."

கும்ஜா தலையை நிமிர்த்தவில்லை. பில்நியோ நன்றாக இருந்த கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள்.

அடுத்த ஞாயிறும் கும்ஜா போனாள். கிழவி திரும்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் திரும்பவில்லை. கும்ஜா ஆரஞ்சை உரித்து, கொட்டை நீக்கி, சுளைகளைத் தட்டில் வைத்து, பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பேருந்து பிடிக்கக் கிளம்பினாள்.