வாடகைக்குப் போன அறை

நான் எப்படியும் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவேன் என்று அம்மா என் அறையை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டாள். நர்ஸ் குடிவந்த மறுநாள் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நர்ஸுக்கு இரவு வேலை. பகலெல்லாம் என் கட்டிலில் தூங்குவாள். அதனால் வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்று பேசினோம். எனக்கோ உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்க? ஒரு இடத்துல உக்காருடி."

"எங்கம்மா உக்கார? என் ரூம்லதான் அவங்க தூங்குறாங்களே."

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு, "அந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லிடவா? ஒரு வருஷம் வீட்லயே இருந்து படி. மறுபடி முயற்சி பண்ணு" என்றாள்.

"இன்னொரு காலேஜ் கூப்பிட்டிருக்காங்களே."

"அப்போ போன் பண்ணு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்ல?"

சொல்ல வேண்டும்தான். அங்கேயும் வேதியியல் உண்டு, விடுதி உண்டு. ஆனால் பேரைச் சொன்னால் சித்தி, "அது எங்கடி இருக்கு?" என்பாள். போன் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது.

இடம் தராத கல்லூரியின் நேர்காணலில் கேட்டது இதுதான்: உப்புத் தண்ணீர் ஏன் சுலபத்தில் உறைவதில்லை? பள்ளிக்கூடத்துப் பாடம். இவ்வளவு பெரிய கல்லூரி இவ்வளவு சின்னக் கேள்வியா கேட்கும், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஏதோ முனகினேன். "கொஞ்சம் சத்தமா" என்றார் நடுவில் இருந்தவர். அதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது.

அறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு நர்ஸ்.

"நீதானா நடக்கறது? எங்க வார்டுலகூட இவ்ளோ நடமாட்டம் இல்லம்மா."

"ஸாரிக்கா."

"உங்கம்மா கிசுகிசுக்கறதும் நல்லாவே கேக்குது. நான் காலி பண்ணணும்னா இப்பவே சொல்லிடு. பெட்டியை இன்னும் முழுசாப் பிரிக்கல."

அவள் தோளுக்குப் பின்னால் என் அறை தெரிந்தது. என் ஆணியில் அவளுடைய வெள்ளைச் சீருடை. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒரு வருஷம் படுத்துக் கிடக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணாங்க்கா. பெட்டியைப் பிரிச்சிடுங்க."

அவள் கொட்டாவி விட்டபடி கதவைச் சாத்தினாள். மனம் மாறுவதற்குள் அந்த இன்னொரு கல்லூரியின் எண்ணை அழுத்தினேன்.

"யாரு? ஒண்ணும் கேக்கலையே" என்றது மறுமுனை.

திரும்பச் சொன்னேன். பேர், பாடம், இடம் எனக்கு வேண்டும் என்பது. கூடமே அதிர்ந்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"மெல்லப் பேசும்மா!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள். "மனுஷி தூங்க வேணாமா?"

மெல்லப் பேசு என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் போனோடு தெருவுக்கு ஓடினேன். மறுமுனை இன்னும் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தது.